பொட்டலத்தில் மிச்சமிருந்த உப்பு

நான் சொன்னா தப்பாத்தான் வரும்மா. முன்னது பின்னதா வந்துடும். பாதியில பள்ளிக்கூடம் நின்னவ, எனக்குக் கோர்வையாப் பேச வராது. அந்தப் போர்வைய நல்லா இழுத்துப் போத்திக்கோங்க, வேர்வை ஆறினா குளிரும். கால் எப்படி இருக்கு? கொப்புளம்தானே? இங்க வெச்சுக் குத்திடாதீங்க.

இந்த பஸ் நிதானமாத்தான் போகும். நேரம் முடிஞ்சு பாதைய மறிச்சுக் கயிறு கட்டின இடத்துலயெல்லாம் நின்னு, ஓட்டத்துல பிந்தினவங்கள வாரிக்கிட்டுப் போகணுமில்ல.

ஆமா, எனக்கும் இந்த சீசன்ல இதான் மொதல் ஓட்டம். இல்லல்ல, நான் தாமதமா வரல. கயிறு கட்ட ரெண்டு நிமிஷம் இருக்கும்போதே பாலத்துக்கு வந்துட்டேன். அதத்தான் கயிறு கட்ட நின்ன தொப்பிக்காரரும் கேட்டாரு, ஏம்மா நின்னுட்டீங்க, இன்னும் பத்தடிதானேன்னு. உங்ககிட்ட சொல்றேன்.

கினுயோன்னு ஒருத்தி. சாப்பாட்டுப் பெட்டி கட்டுற கம்பெனியில எனக்கு அடுத்து நிப்பா. நான் சோத்த வெச்சுத் தள்ளுவேன், அவ நடுவுல ஒரு பிளம் ஊறுகாய் வெப்பா. மூணு வயசு சின்னவ, தொமி அக்கான்னுதான் கூப்பிடுவா. என்னை ஓட இழுத்துட்டு வந்ததே அவதான். அவளுக்கு இடது கால் கொஞ்சம் தட்டும். சப்புனு தரையில அறையுற மாதிரி. கண்ணக் கட்டி விட்டாலும் அது அவதான்னு சொல்லிடுவேன்.

போன மார்ச்சுல, அந்த சீசனோட கடைசி ஓட்டம். இதே ஆத்தோரம், இதே பாலம். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, தொமி அக்கா, கொஞ்சம் நில்லு, மூச்சு முட்டுதுன்னா. கயிறு கட்டப் போறாங்க, நடிக்காம வாடின்னேன். நாப்பது வினாடி மிச்சத்துல தாண்டினேன். பதக்கம் வாங்கினேன், பன்னிக்கறி சூப்பு ரெண்டு கிண்ணம் குடிச்சேன். ரெண்டாவது கிண்ணம் கையில இருக்கும்போதுதான் வந்து சொன்னாங்க. இருதயமாம்.

சாவு வீட்டுல வழக்கமாக் குடுக்குற உப்புப் பொட்டலம் குடுத்தாங்க. வாசல்ல நின்னு மேல தூவிக்கிட்டுத்தானே நாம வீட்டுக்குள்ள போவோம், போனவங்க கூடவே வந்துடக் கூடாதுன்னு. எனக்குக் கை வரல. அவ நில்லுன்னப்ப நிக்கல, இப்ப உப்பு வேற போட்டு விரட்டணுமான்னு இருந்துச்சு. அப்படியே உள்ள போயி, ஓடும்போது இடுப்புல கட்டுற பையில திணிச்சிட்டேன்.

அதுலேருந்து எப்ப ஓடினாலும் பின்னாடி அந்தச் சத்தம். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, ஷூ தேஞ்சிருக்கும், வேற வாங்கிக்கன்னாரு. வாங்கினேன். ஷூதான் புதுசு. சத்தம் அதேதான்.

இன்னைக்குப் பன்னெண்டாவது கிலோமீட்டர்ல கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு. ஓட்டத்துக்குன்னு விக்கிற உப்பு இருக்கில்ல, அதுவும் பையிலதான் வெச்சிருந்தேன். கையில வந்தத வாயில கொட்டிக்கிட்டேன். அதுல எலுமிச்சம்பழ ருசி இருக்கும். இது வெறும் கரிப்பு. எடுத்துப் பாத்தா வெள்ளைத் தாள். சாவு வீட்டுப் பொட்டலம். பாதி உள்ள போயிடுச்சு. மேல தூவிக்க வேண்டியத முழுங்கிட்டேனே, இனி உடம்புக்கு என்ன காவல்? நீங்க சிரிக்கிறீங்க. நான் மிச்சத்த மடிச்சுப் பையில போட்டுக்கிட்டு ஓடினேன்.

அப்புறம் அந்தச் சத்தம் முதுகுக்குப் பின்னாடி இல்ல. தோளுக்குப் பக்கத்துல. வழியோரம் ஆப்பிள் துண்டு குடுத்துட்டு இருந்த பொண்ணு ரெண்டு கையாலயும் ரெண்டு துண்டு நீட்டினா. நான் ஒருத்திதானே வரேன்னேன். என் பக்கத்துல பாத்துட்டு ஒரு கைய இழுத்துக்கிட்டா.

பாலம் வந்துச்சு. அதே இடம். அதான் நின்னேன். ஓரமா ஒதுங்கி, தலை குனிஞ்சு, நீ முன்னாடி போ கினுயோன்னேன். கயிறு கட்டுற வரைக்கும் நிமிரல. சத்தம் நின்னுபோச்சு. சரி, அன்னைக்கு நிக்காததுக்கு இப்பவாவது நின்னாச்சுன்னு பஸ்ல ஏறினேன். ஏறி உக்காரக்கூட இல்ல, பின்னாடி படியில சப்புனு ஒரு சத்தம். இடது கால்.

என்னம்மா? கூட்டாளிதானே, அவளுக்குப் போயி ஏன் இவ்வளவு பயம்னா கேக்குறீங்க?

அது சரி. அவ சத்தமில்லாம சாஞ்சிட்டா, பக்கத்துல இருந்தவங்களுக்கே தெரியலன்னு அவ வீட்டுக்காரர் எல்லார்கிட்டயும் சொல்றாரு. நானும் தலையாட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். சத்தம் வந்துச்சும்மா. விழுந்தது எனக்குக் கேட்டுச்சு. அதுக்குள்ள பாலத்துல நின்ன ஆளுங்க கயித்தக் கையில எடுத்துட்டாங்க. நான் திரும்பிப் பாக்கல.

இன்னைக்குப் படியில சத்தம் கேட்டப்பவும் பாக்கல. மிச்ச உப்பத் தோளுக்கு மேல அப்படியே பின்னாடி எறிஞ்சேன். அப்புறம் பாத்தா நீங்க, கொப்புளத்தோட நொண்டிக்கிட்டு. மன்னிச்சுக்கோங்க. உங்க முடியில இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கு. வேணாம், தட்டாதீங்க. நான் இறங்குற வரைக்கும் காவலா இருக்கட்டும்.