வெங்காயப் பாத்தியின் மிச்ச மூலை

— அப்ப உன்ரை ஆடு மிதிக்கேல்லையெண்டால், வெங்காயம் தானாப் படுத்துக் கிடக்குதோ, தர்சிகா?

— பாருங்கோ குணலட்சுமி அன்ரி, என்ன மாதிரிக் கண்ணை மூடி அசை போடுறாள். கனவிலையும் களவெடுக்கத் தெரியாத சீவன்.

— வேலி அடைக்கவெண்டு பழைய கிடுகு ஓலையைப் பிரிச்சதுதான், அதுக்கிடையிலை என்ரை பாத்தி துவைஞ்சு போச்சு. நான் கொப்பரிட்டைச் சும்மா ஒரு சொல்லுத்தான் சொன்னனான்.

— அந்த ஒரு சொல்லுக்கு அப்பாவுக்கு ரோசம் வந்திட்டுது. இறைச்சிக்கடைக்காரன் நாளைக்கு விடிய வாறான், ஆட்டைக் கொண்டுபோக.

— ஐயோ, தியாகலிங்கத்தாருக்குக் கோவம் மூக்கு நுனியிலை. ஆனா வேறை ஆர் மிதிச்சது? கோப்பாயிலை ஒரு இலை விழுந்தாலும் எனக்குத் தெரியாமல் விழாது.

— ஒரு ஈர்க்குத் தாங்கோ. மண்ணிலை கீறிக் காட்டுறன்.

— ரியூசன் ரீச்சர் தொடங்கியாச்சு! இந்தா.

— இது உங்கடை பாத்தி. சதுரம், பக்கம் ஏழடி. இந்த மூலையிலை, வேலிக் கதியால் மரத்திலை ஆடு கட்டியிருக்கு. கயிறும் கழுத்தும் சேர்த்து அதே ஏழடி. கயிறை இழுத்துக்கொண்டு சுத்தினால்?

— கால் வட்டம். நானும் பள்ளிக்கூடம் போனனான், கண்டியோ.

— அது முப்பத்தெட்டரைச் சதுர அடி. பாத்தி நாற்பத்தொன்பது. கழிச்சால் மிச்சம் பத்தரை, இந்தத் தூர மூலை. இதை மட்டும் கோடு கீறி நிழற்றுறன்.

— நிலவைச் சுத்தி மிச்சம் கிடக்கிற வானம் மாதிரிக் கிடக்கு, பிள்ளை. ஆ, காத்துக்கு வேப்பம்பூவும் கொட்டுது, நட்சத்திரமாட்டம்.

— மிதிபட்டது அந்த வானம் மட்டுந்தான். வட்டத்துக்குள்ளை ரெண்டு வெங்காயத்தாள் கடிச்சிருக்கிறாள், அது ஓம்.

— கயிறு அவிண்டிருந்தால்?

— அவிண்ட ஆடு வட்டத்தை விட்டிட்டு மூலைக்கோ போகும்? அங்காலை உங்கடை கிணறு, இங்காலை ஆடு. கிட்டப் போனால் முட்டுவாள், கத்தி ஊரைக் கூட்டுவாள். அது தெரிஞ்ச ஆள்தான் விலத்தி நடந்திருக்கு.

— ஆளோ! என்ரை வளவுக்குள்ளாலை உங்கடை வீட்டுப் பக்கம் ஒருத்தன் வாறான், எனக்குத் தெரியேல்லையோ? ஆரடி பிள்ளை?

— கணக்கை இதோடை விடுவம், அன்ரி. ஆடு இல்லையெண்டு அப்பாட்டை ஒரு சொல்லுச் சொன்னால் போதும்.

— விடுறதோ? வாய்க்குள்ளை கற்கண்டைப் போட்டிட்டுத் துப்பெண்டுறாய். காலடி எங்கையிருந்து வருது?

— ...உங்கடை குசினி வாசலிலையிருந்து.

— விசர்க் கதை. வீட்டிலை நானும் என்ரை கஜீவனுந்தானே. அவன் பாவம், இப்ப கொஞ்ச நாளா நித்திரையிலை நடக்கிறவன் மாதிரித் திரியிறான். தேத்தண்ணிக்கை உப்பைப் போட்டுக் குடிச்சிட்டு நல்லாயிருக்கம்மா எண்டவன். உடுப்பிட்டியிலை ஒரு பெட்டை பாத்து வைச்சிருக்கிறன். அதைக் கதைச்சால் உங்கடை கூரையைப் பாத்துச் சிரிக்கிறான்... உங்கடை கூரையை... ஏன் தலையைக் குனியிறாய்? தர்சிகா?

— ஆட்டைக் காப்பாத்த எனக்கு வேறை வழி தெரியேல்லை, மாமி.