ஏழாவது கட்டம்

நான் தேநீருக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. ஆனாலும் என் அறையில் எப்போதும் ஒரு டப்பா சர்க்கரை இருக்கும். வருகிற மாணவன் நாலு கரண்டி போட்டுக்கொள்கிறவனாக இருந்தால், அவனிடம் போய் இல்லை என்று கையை விரிக்கக் கூடாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. விசாரணை என்றால் ஆள் எப்படிப்பட்டவன் என்பதும் தெரிய வேண்டும் அல்லவா.

பெயர் வகீஹ் ஷலபி. இந்த வணிகவியல் கல்லூரியில் இருபத்தாறு வருடம். அதில் பெரும்பகுதி மாணவர் பதிவு அலுவலகத்தில், ஜன்னலுக்கு உள்பக்கம். "நாளைக்கு வா" என்று நான் யாரிடமும் சொன்னதில்லை என்று புளுக மாட்டேன். சொல்லியிருக்கிறேன். அந்த ஜன்னலில் உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் சொல்வார்கள்.

போன வருடம் தரக் குழு வரப்போகிறது என்றார்கள். கெய்ரோவிலிருந்து மூன்று பேர் வந்து கோப்புகளைப் புரட்டி, கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுக்கலாமா என்று பார்ப்பார்கள். அவர்கள் வருவதற்குள் இங்கே நடக்கிற கூத்து உங்களுக்கே தெரியும். உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி வந்தது, கழிப்பறைக்குச் சோப்பு வந்தது. கோப்பில் 'மாணவர் ஆதரவு மையம்' என்று ஒரு தலைப்பும் இருந்தது. அப்படி ஒன்று எங்களிடம் இல்லை. துணை முதல்வர் டாக்டர் இன்ஸாஃப், கைப்பந்து வலைகள் கிடந்த அறையைக் காலி செய்து, வெளிர்பச்சை பூசி, ஒரு சோஃபாவும் டிஷ்யூ டப்பாவும் வைத்து, என்னை உள்ளே உட்கார வைத்தார்.

"நான் என்ன பண்ணணும் டாக்டர்?"

"வர்ற பசங்க கஷ்டத்தைக் கேளுங்க. கேட்டதை இந்தப் படிவத்துல எழுதுங்க. மொத்தம் ஏழு கட்டம். ஒரு கேஸாவது ஏழும் நிரம்பி முடிஞ்சிருக்கணும், உஸ்தாத் வகீஹ். ஒண்ணே ஒண்ணு போதும்."

மூன்று மாதம் ஒருவரும் வரவில்லை. ஒரு பெண் வந்தாள். கழிப்பறை எங்கே என்று கேட்டாள். மாணவர்களுக்குக் கஷ்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாரும் கல்லூரி கேட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற ஷவ்கியிடம் போனார்கள். பள்ளிப் படிப்பையே முடிக்காதவன். எந்தப் பேராசிரியர் எதைக் கேட்பார், எந்த குமாஸ்தா என்றைக்கு லீவு, மனுவில் முதல் வரி எப்படி இருக்க வேண்டும், காதலி பேசாவிட்டால் என்ன செய்ய வேண்டும், எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. என் ஜன்னலிலிருந்து அவன் கடை தெரியும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கே கூட்டம். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

குழு வர ஐந்து வாரம் இருந்தது. நான் நிதானமாக யோசித்தேன். நமக்குத் தேவை ஒரு சின்ன, சுத்தமான கஷ்டம். யார் மனதும் உடையக் கூடாது. முடிவில் அது தீர்ந்தே ஆக வேண்டும். அப்படி ஒன்று தானாக வாசலுக்கு வராது. பதிவு அலுவலக அலமாரியின் சாவி இன்னும் என்னிடம்தான் இருந்தது.

ஹாஸெமைத் தேர்ந்தெடுத்ததில் நான் மிகுந்த கவனம் எடுத்துக்கொண்டேன். நாலாம் ஆண்டு. மூன்று வருடமும் வகுப்பில் முதல். இந்த வருடமும் முதலில் வந்தால் கல்லூரியிலேயே உதவி விரிவுரையாளர் வேலை. ஊரில் அம்மா பாலாடைக்கட்டி செய்து விற்கிறாள், கீழே இரண்டு தம்பிகள். தாங்கக்கூடிய பையன். நோஞ்சானான ஒருவனை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவன் கோப்பிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்தேன். படிப்பு முடிகிறவரை கட்டாய இராணுவச் சேவை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்கிற தாள். அது இல்லாவிட்டால் பதிவு நிறுத்தப்படும், தேர்வு எண் வராது. தாளைக் கசங்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேசை இழுப்பறையில் வைத்தேன். மேலே சர்க்கரை டப்பா இருந்தது.

ஒரு வாரத்தில் அவனே வந்தான். பதிவு அலுவலகத்தில் கையை விரித்து, பச்சை அறைக்குப் போ என்று சொல்லியிருந்தார்கள்.

"சார், என் ராணுவத் தாளைக் காணோமாம். நான் முதல் வருஷமே குடுத்துட்டேன் சார். சத்தியமா."

"முதல்ல உக்காருப்பா. சர்க்கரை எத்தனை கரண்டி?"

"மூணு சார்."

"உன் தாள் கிடைச்சிடும். நான் சொல்றேன், நீ தைரியமா இரு."

முதல் கட்டம், மாணவர் சொன்ன குறை. இரண்டாவது, கேட்டறிந்த விவரம். என் கையெழுத்து நன்றாக இருக்கும், ஐயா, நீங்களே பார்ப்பீர்கள். எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் நாள் அவன் முகம் தெளிந்து வந்தான்.

"சார், ஷவ்கி அண்ணன் சொல்றாரு, ராணுவ ஆபீஸ்ல நகல் வாங்கிடலாமாம். காலையில போனா மத்தியானம் கையில இருக்குமாம்."

"ஷவ்கி ஜெராக்ஸ் எடுக்கறவன். அவனுக்கு எல்லாமே நகல்தான். நகல் கேட்டா நீதான் தொலைச்சேன்னு ஆயிடும். அப்புறம் உன் மேலயே கேஸ் திரும்பும். நாம முறைப்படி போவோம்."

"அப்படியா சார்? எனக்குத் தெரியலையே."

"தெரியாமத்தான இங்க வந்திருக்க."

நகல் கேட்டால் கேஸ் எதுவும் வராது. எனக்கு அது தெரியும். ஆனால் படிவத்தில் நாங்கள் அப்போது மூன்றாவது கட்டத்தில்தான் இருந்தோம். மத்தியானத்தில் நகல் வந்துவிட்டால் மீதி நாலு கட்டத்தில் எதை எழுதுவது?

பிறகு குழுவின் வருகை தள்ளிப்போனது. தாளைக் கொடுத்துவிடலாம் என்று இழுப்பறையைத் திறந்தேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரம் பார்த்து டாக்டர் இன்ஸாஃப் உள்ளே வந்தார்.

"கேஸ் நல்லாப் போகுது போல. அவங்க இங்க இருக்கறப்பவே முடிச்சா எவ்ளோ நல்லாருக்கும், உஸ்தாத் வகீஹ். கண்ணால பாப்பாங்க, ஒரு போட்டோவும் எடுத்துக்கலாம்."

அவருக்கு எதுவும் தெரியாது. அவரை இதில் இழுக்காதீர்கள். நான் இழுப்பறையை மூடினேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அவன் என்னைச் சார் என்று கூப்பிடுவதை எப்போதோ விட்டிருந்தான். பெரியப்பா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். அப்பா இல்லாத பையன். அவன் அம்மா நெய் ஒழுகுகிற ஃபத்தீர் ரொட்டி சுட்டு, துணியில் கட்டி அனுப்பினாள். இருபத்தாறு வருடத்தில் சாப்பிட்டீர்களா என்று என்னை யாரும் கேட்டதில்லை. அவன் தினமும் கேட்டான். தாள் கிடைத்துவிட்டால் அவன் எதற்கு இங்கே வரப்போகிறான்?

தேர்வு தொடங்கிய அன்று காலை அவன் என் சோஃபாவில்தான் உட்கார்ந்திருந்தான். எதிரே உள்ள கூடத்தில் மணி அடித்தது.

"பெரியப்பா, என் சீட்ல இப்ப யாரும் இருக்க மாட்டாங்க, இல்ல?"

டிஷ்யூ டப்பா முதல் தடவையாகத் திறக்கப்பட்டது. நான் அவன் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தேன். இந்த வேலைக்கென்று அனுப்பிய பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. இழுப்பறை என் முழங்காலை இடித்துக்கொண்டிருந்தது.

ஜூன் மாதம் அவன் ஊருக்குப் போன வேனை ராணுவக்காரர்கள் நிறுத்திச் சோதனை போட்டார்கள். அவன் பதிவு நின்றுபோய் நாளாகியிருந்தது. இறக்கிச் சேவைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது எல்லைப் பக்கம் ஏதோ ஒரு முகாமில் இருக்கிறான். வகுப்பில் இரண்டாவதாக இருந்த பையனுக்கு அந்த விரிவுரையாளர் வேலை கிடைத்தது. நல்ல பையன்தான், என்னைப் பார்த்தால் சலாம் சொல்கிறான்.

அவனைக் கூட்டிக்கொண்டு போன மறுநாள் ஷவ்கி என் அறைக்கு வந்தான். அவன் அங்கே காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பையனை நகல் வாங்க விடாம பண்ணது யாருய்யா?"

"உக்காருங்க ஷவ்கி. டீ சாப்பிடுங்க."

"உன் டீயை நீயே குடி. அரை நாள் வேலை. அரை நாள்."

அவன் கத்தவில்லை. கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்திவிட்டுப் போனான்.

குழு கடைசியில் இந்த வாரம்தான் வந்தது. என் கோப்பை மூன்று பேரும் மாறி மாறிப் படித்தார்கள். இவ்வளவு பொறுமையாக ஒரு மாணவன் பக்கத்தில் நின்ற கோப்பை இந்த நைல் டெல்டா முழுக்கப் பார்த்ததில்லை என்று தலைவி அம்மா சொன்னார். ஆனால் இரண்டு கட்டம் காலியாக இருந்தது.

"ஆறாவது, பிரச்சினைக்கு மூல காரணம். அது என்னன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"கிட்டத்தட்ட."

"ஞாயித்துக்கிழமை திரும்ப வர்றோம். அதுக்குள்ள முடிச்சு வெச்சிருங்க."

அதனால்தான் வந்திருக்கிறேன், ஐயா. என்னை யாரும் கூப்பிடவில்லை, யாரும் சந்தேகப்படவும் இல்லை. ஆறாவது கட்டத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். உங்கள் சட்டப் பிரிவின் முத்திரை இல்லாமல் அது செல்லாது. தேதி மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இருக்கட்டும்.

ஏழாவதில் மாணவரின் திருப்தியும் கையெழுத்தும் வேண்டும். அதற்கு அவன் முகாமிலிருந்து போட்ட கடிதத்தை இணைத்திருக்கிறேன். 'பெரியப்பா, இங்க எல்லாரும் என்கிட்டதான் லெட்டர் எழுதிக்கறாங்க. என் தாள் கிடைச்சா அம்மாகிட்ட குடுத்துடுங்க. எல்லாரும் கைவிட்டப்ப நீங்க ஒருத்தர்தான் என் கூட நின்னீங்க.' அடியில் கையெழுத்து இருக்கிறது. தெளிவாகவே இருக்கிறது.

இதோ அந்தத் தாள். உறையிலிருந்து எடுத்துப் பாருங்கள், ஒரு மடிப்புக்கூட விழவில்லை. ஜன்னலில் இருந்தபோது எப்படியோ, அந்த அறைக்கு வந்தபிறகு நான் ஒரு மாணவனுக்கும் சொன்ன வாக்கு தவறியதில்லை. முதல் நாளே சொன்னேன், தாள் கிடைத்துவிடும் என்று.