அலுமினியத் தகடு

சாந்தோம் கடற்காற்றில் எந்த இயந்திரமும் நாலு வருஷத்துக்கு மேல் தாங்காது. எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ஒன்பது வருஷம் உழைத்ததென்றால், தினமும் அதைத் துடைத்து வைத்த ஞானதாஸ் என்கிற நான்தான் காரணம். ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன், ஐயா.

நாற்பத்தெட்டு ஜூலையில் பச்சையம்மா வந்தாள். நொச்சிக்குப்பத்து மீன்காரி. உப்புத்தண்ணீரில் ஊறி ஊறி வலது கையெல்லாம் கரப்பான் சொறி. டாக்டர் அதற்கு வைத்தியமாக லேசாக எக்ஸ்ரே கதிர் வைக்கச் சொன்னார். கதிர் வரும் குழாய்க்கும் தோலுக்கும் நடுவே ஓர் அலுமினியத் தகடு செருகவேண்டும். தோலைச் சுடுகிற கதிரை அது தடுத்துவிடும். அன்று எனக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அவள் போன பிறகுதான் தகடு மேஜைமேலேயே இருப்பதைப் பார்த்தேன். துடைத்து, உறையில் போட்டு வைத்தேன்.

பத்து நாளில் கை சிவந்து, கொப்புளத்தோடு திரும்பி வந்தாள். டாக்டர் அவளை வார்டில் சேர்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தகடு போட்டியா?”

“போட்டேன் சார்.”

அப்படியானால் நோய்தான் முற்றுகிறது என்று முடிவுகட்டி, இன்னும் நாலு தடவை வைக்கச் சொன்னார். வேண்டாமென்றால் காரணம் சொல்லவேண்டும். வைத்தேன். நாலு தடவையும் தகட்டை மறக்கவில்லை.

மூன்றாம் தடவை அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“நைனா, இந்த லைட்டு வச்சதுலேர்ந்துதான் எரிஞ்சிகினே கீது. டாக்டராண்ட சொல்லட்டா?”

“சொன்னா வூட்டுக்குப் போன்னுடுவாரு. அப்பால வைத்தியம் யாரு பாப்பாங்க?”

“கோச்சுக்காத நைனா, தெரியாம சொல்ட்டேன்,” என்று கையை நீட்டினாள்.

அதன்பின் அவளை நன்றாகவே பார்த்துக்கொண்டேன். கட்டுப் பிரிக்கும்போது நர்ஸுகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் பிரித்தேன். கஞ்சி ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். விரல்கள் கறுத்துப்போயின. செப்டம்பரில் முழங்கைக்குக் கீழே கையை வெட்டி எடுத்தார்கள். “இனிமே மீனு எப்டி நைனா அரிவேன்?” என்று கேட்டாள். இடது கையில் பழகிக்கொள்ளலாம் என்றேன். அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இறந்தாள். அவள் புருஷன் கோபால் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “கூடப் பொறந்தவன்கூட இப்டி பாக்க மாட்டான் சாமி,” என்று அழுதான். எனக்கும் அழுகை வந்தது. அது உண்மையான அழுகை.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்டது தகட்டைப் பற்றி. மறந்தது நான்தான். பொய் சொன்னதும், வெந்த கையில் மறுபடி மறுபடி கதிர் வைத்ததும், அவள் வாயை அடைத்ததும் நான்தான். அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையும் உயிரும் தப்பியிருக்கும் என்கிறார்கள். இருக்கலாம். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கென்று இருந்த ஒரே மனிதன் நான் என்பதையும் சேர்த்து எழுதினால்தான், ஐயா, அறிக்கை நியாயமாக இருக்கும்.