பெரியவரின் பத்தியம்

தராசு இல்லாமல் எனக்குச் சாப்பாடு போடத் தெரியாது, டாக்டர். இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உணவுப் பட்டியல் எழுதுகிறவன். யாருக்கு எத்தனை கிராம், யாருக்கு எது ஆகாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் தொப்பையைப் பார்க்காதீர்கள், ஊருக்குத்தான் உபதேசம்.

மகள் வெளியூர் வேலைக்குப் போகும்போது, தான் வளர்த்த நீலநாக்கு அரணைகள் இரண்டையும் என்னிடம் விட்டுப்போனாள். ஒருவர் பெரியவர், மற்றவர் சின்னவர். அரணை நக்கினால் மரணம் என்று அவள் அம்மா கண்ணாடித் தொட்டிப் பக்கமே போகமாட்டாள். ஆக, பொறுப்பு முழுக்க என் தலையில். பாதிக்குப் பாதி காயும் கீரையும். மீதிக்கு நத்தை, அவித்த முட்டை, கொழுப்பில்லாத இறைச்சி. ருசிக்கு ஒரு துண்டு பழம். பசலை அடிக்கடி கூடாது, சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. எல்லாவற்றின் மேலும் ஒரு சிட்டிகை கால்சியம் தூள். "இவ்ளோ கச்சிதமா யாரும் எழுதி நான் பார்த்ததில்ல சார்" என்று, மிருக வைத்தியரான நீங்களே என் பட்டியலைப் பார்த்துச் சொன்னீர்கள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று மாதம் மகள் வரவில்லை. போன் பண்ணினால், "அப்பா, பெரியவர் சாப்பிட்டாரா?" என்பாள். அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டதில்லை. பல்லிக்கு ஒன்றுவிட்ட சொந்தமான ஒரு ஜந்துவோடு போட்டிக்கு நின்ற முதல் அப்பன் நானாகத்தான் இருப்பேன்.

ஒருமுறை பெரியவருக்கு வயிறு சரியில்லை என்றேன். மறுநாள் காலையில் பையோடு வாசலில் நின்றாள். நான்கு நாள் மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். அவள் சிரிப்பைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெரியவர் தேறியதும் கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் கால்சியம் டப்பாவில் மைதாவை நிரப்பினேன். பட்டியலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. தினமும் ஒரு சிட்டிகை, தவறாமல். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. முதலில் பெரியவரின் தாடை மெத்தென்று ஆனது, பின்னங்கால் வளைந்தது. மகள் வாராவாரம் வந்தாள். அவரை மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா இவர் என்னைக்கோ போயிருப்பார்ப்பா" என்றாள். நான் மறுக்கவில்லை. பாராட்டை வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

பெரியவர் போய்விட்டார். அளவு கொஞ்சம் தப்பிவிட்டது. அது என் தொழிலுக்கே இழுக்கு. சின்னவரை மகள் தன்னோடு கொண்டுபோனாள். கூடவே அந்த டப்பாவையும் எடுத்துப்போவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அரணைக்கு மறதி என்பார்கள். என் மூளையைப் பார்த்திருந்தால் அந்தப் பேச்சை மாற்றியிருப்பார்கள். அவள் கையாலேயே போட்டு, சின்னவருக்கும் கால் வளைய ஆரம்பித்த பிறகுதான் உங்களிடம் வந்தாள். நீங்கள் தூளில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டீர்கள். கால்சியமாக இருந்தால் நுரைத்திருக்கும்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை என்றீர்கள். நன்றி. அவள் இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். போன வாரம் அவள் அம்மா குளியலறையில் வழுக்கிவிட்டாள். சாதாரண வழுக்கல்தான், ஆனால் மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவளுக்கு எலும்புத் தேய்மானம், பாவம். மகள் ஒரு மாதம் விடுப்புப் போட்டுவிட்டு வந்து, அதற்கென்று எலும்பு டாக்டர் முன்பே எழுதிக்கொடுத்த தூளைத் தினமும் பாலில் கலக்கிக் கொடுக்கிறாள். "என்னடி, கட்டி கட்டியா இருக்கு" என்று அவள் அம்மா முகம் சுளிக்கிறாள். சலித்துக் கலக்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்த டப்பாவையும் ஏழு மாதமாக நான்தான் நிரப்புகிறேன். எலும்பு சீக்கிரம் கூடாவிட்டால் இன்னொரு மாதம் இருப்பதாக மகள் சொல்லியிருக்கிறாள். பெற்ற பிள்ளை பக்கத்தில் இருப்பதைவிட ஒரு தாய்க்கு வேறென்ன சத்து வேண்டும், டாக்டர்?