கழுத்தோரம் நீலத் துணி வைத்த சாக்கு

இந்த இரங்கல் அவையைத் தாங்கி நிற்கும் கிடங்குத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே! முதுகு வளைந்தும் மானம் வளையாத மூத்தோர்களே! கோணி ஊசி பிடித்துப் பிடித்துக் கை காய்த்துப்போன தாய்மார்களே! உட்கார இடமின்றி வாசலில் நிற்கும் லாரி ஓட்டுநர் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

மறைந்த நம் மூட்டைத் தோழருக்கு அஞ்சலி செலுத்த, ஒரு சொல்லை எடுத்து வந்திருக்கிறேன். சாக்கு! “சாக்குக்கெல்லாம் ஒரு சரித்திரமா?” என்கிறார் பின்வரிசை நண்பர். உண்டு ஐயா, உண்டு!

பழைய கிரேக்க மொழியில் ‘சாக்கோஸ்’ என்றொரு சொல். ஆட்டு மயிரில் நெய்த முரட்டுத் துணிக்கும் அதுவே பெயர், அதில் தைத்த பைக்கும் அதுவே பெயர். கிரேக்கருக்கும் அது சொந்தச் சொத்தல்ல. கிழக்கிலிருந்து வந்த வணிகர்கள் சரக்கை இறக்கியபோது சொல்லையும் சேர்த்து இறக்கியிருக்கலாம் என்கிறார்கள் அறிஞர்கள். எத்தனை துறைமுகம், எத்தனை நாக்கு! நம் சாக்கும் அந்த வம்சத்தின் கடைக்குட்டி என்பாருண்டு. அந்தத் துணிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கிழக்கே வாழ்ந்த அந்த மக்கள், வீட்டில் சாவு விழுந்தால் நல்ல துணியைக் களைந்துவிட்டு, முரட்டுத் துணியை உடுத்தித் தரையில் அமர்ந்து அழுதார்கள். சுமக்கவும் அதே துணி. அழவும் அதே துணி.

நம் தோழரும் ஒரு சாக்கை உடுத்தியவர்தான். ஒரு மூலையை மறு மூலைக்குள் திணித்து, தலையில் கவிழ்த்து, முதுகில் தொங்கவிட்டால் மூட்டை உறுத்தாது. உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்? பிடரியில் நார் குத்துகிறது என்று அவர் முனகியபோது, இதோ முன்வரிசையில் இருக்கும் அவர் மனைவி, சாக்கு வாய் தைக்கும் நம் தங்கை, தன் பழைய நீலச் சேலையைக் கிழித்துக் கழுத்தோரம் வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

போன மாதம் எடை மேடை அருகே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் திரும்பவில்லை. தலையிலிருந்த சாக்கு தரையிலேயே கிடந்தது. கிடங்கில் வெறும் சாக்கு கிடந்தால் என்ன ஆகும்? அவரோடு மூட்டை தூக்கும் கூட்டாளி ஒல்லி, ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வராத தவிப்பில், அதை எடுத்து உதறினார், தானியத்தை நிரப்பினார், அடுக்கில் தள்ளினார். லாரி ஏறிவிட்டது.

காரியங்கள் முடிந்து தங்கை கிடங்குக்கு வந்து ஒல்லியைக் கேட்டார்.

“அண்ணே, அவரு தலையில போட்டிருந்த சாக்கு எங்கண்ணே?”

“நெறச்சுட்டேம்மா. மனசு அங்க இருந்துச்சு, கை பாட்டுக்கு நெறச்சிருச்சு.”

அழாதே ஒல்லி! உன் மீது யாருக்கும் கோபமில்லை. வேலைக்குப் பழகிய கை, விழுந்தவன் யாரென்று பார்க்காது. கையை அப்படிப் பழக்கிய வேலையின் மீதுதான் எனக்குக் கோபம்!

அன்றிலிருந்து, திரும்பி வரும் ஒவ்வொரு வெறும் சாக்கின் ஓரத்தையும் தங்கை தடவிப் பார்க்கிறார். வீட்டில் அவர் சட்டை இருக்கிறதே, செருப்பு இருக்கிறதே என்று நானும் கேட்டேன். தங்கை சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன்:

“சட்டையெல்லாம் தொவச்சதுண்ணே. அவரு வேர்வை அந்தச் சாக்குலதான் இருக்கு. எனக்கு இன்னும் அழுகையே வரல. அதப் போத்திக்கிட்டு ஒரு தடவ அழுதுட்டேன்னா போதும்.”

கேட்டீர்களா? கிரேக்கம் அறியாத தங்கை! அந்தச் சொல்லின் பாதி வாழ்வை, அழ உடுத்தும் பாதியை, நாம் தொலைத்துவிட்டோம். அந்தப் பாதியைத்தான் இவர் மூட்டை மூட்டையாகத் தேடுகிறார்.

லாரித் தோழர்களே, இறக்கும் இடமெல்லாம் சொல்லுங்கள்! கடைக்காரர்களே, மில்காரர்களே, பிரிக்கும் சாக்கின் ஓரத்தைப் பாருங்கள்! நீலத் துணி தெரிந்தால் கிழிக்காதீர்கள், கால் துடைக்கப் போடாதீர்கள், தயவுசெய்து துவைத்துவிடாதீர்கள்! அப்படியே மடித்துக் கொண்டு வாருங்கள். ஒருத்தி அழுவதற்குக் காத்திருக்கிறாள்.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி. தங்கையே, உனக்கு என் வணக்கம்.