தேதித் தாள் இல்லாத படம்

எங்கள் வீட்டில் தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது என் வேலை. என் மனைவி பரீதா கிழித்தால் மேல் ஓரத்தில் பிசிறு நிற்கும், எனக்கு அது பிடிக்காது. காலையில் தொழுதுவிட்டு வந்ததும் பதமாகக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். கவரைப்பேட்டையில் என் கடை உங்களுக்குத் தெரியும், மேடம். மொபைல் ரிப்பேர், ஜெராக்ஸ், லேமினேஷன். உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காகிதங்கள்கூட என்னிடம்தான் நகல் எடுக்க வரும்.

அந்தத் தாளைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். ஆற்றுக்குத் தெற்கே இருக்கிற ஊர்க்காரர்கள் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் போக ஆரணியாற்றுத் தரைப்பாலத்தைத் தாண்டி வரவேண்டும். மழைக்காலத்தில் மேலே பிச்சாட்டூரில் தண்ணீர் திறந்தால் பாலம் முழுகிவிடும், ஹைவே வழியாகச் சுற்றி வரவேண்டும். இதற்காகவே ‘தரைப்பாலம் நிலவரம்’ என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். தினமும் விடிந்ததும் வண்டியில் போய்ப் பாலத்தில் தண்ணீர் அளவு காட்டும் கம்பத்தைப் படமெடுத்துப் போடுவேன். ஹனீப் பாய் ‘போகலாம்’ என்று போட்ட பிறகுதான் அக்கரையில் வண்டியைக் கிளப்புவார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்கவில்லை.

போன வருஷம் ஐப்பசியில் ஒருநாள் எனக்குக் காய்ச்சல். எழுந்து போக முடியவில்லை. பெய்த மழைக்குப் பாலம் எப்படியும் முழுகியிருக்கும் என்று நினைத்து, போனில் இருந்த பழைய வெள்ளப் படத்தைப் போட்டுவிட்டேன். அக்கரையில் வீடும் பாலத்துக்கு இக்கரையில் பஞ்சர் கடையும் வைத்திருக்கிற குணாளன் உடனே குரூப்பில் பேசி அனுப்பினான்.

“பாய், இது பழைய படம். கம்பத்துக்கு இந்த வருஷம் மஞ்ச பெயிண்ட் அடிச்சிட்டாங்கோ, இதுல வெள்ளயாகீது. பாலம் காஞ்சினுகீது, எல்லாரும் வாங்கோ.”

சிரிப்புப் படங்கள் வரிசையாக விழுந்தன. அதோடு அவன் விடவில்லை. “இனிமே அன்னன்னிக்கி காலண்டர் தாள கம்பத்துல வெச்சி போட்டோ எடுங்கோ. பேஜாரே இல்ல” என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். அதை விதியாக அறிவித்தது நான்தான், அட்மின் நான்தானே. சாயந்திரம் அவன் டீ வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தான். “கோச்சிக்காத பாய்” என்றான். “இதுல இன்னா குணா கீது” என்று சிரித்தேன். இருபது வருஷப் பழக்கம் எங்களுக்கு. டீயை அவன் முன்னாலேயே குடித்தேன்.

புது சிம் கடையில் எப்போதும் இருக்கும். அதில் ஒன்றைப் போட்டு, ஊத்துக்கோட்டைப் பக்கம் பஸ் ஓட்டுகிற ஸ்டீவன் என்று குணாளனிடம் அறிமுகமானேன். ஊத்துக்கோட்டையில் எப்போதோ எடுத்த வெள்ளப் படத்தின் ஓரத்தில் அன்றைய தேதித் தாளைச் சேர்ப்பது, பாஸ்போர்ட் போட்டோவுக்குப் பின்னணி மாற்றுகிற மாதிரி வேலைதான். பிசிறு இல்லாமல் செய்தேன். ‘மேலே தண்ணீர் திறந்துவிட்டார்கள்’ என்று அனுப்பினேன். குணாளன் பதறிப்போய் அப்படியே குரூப்பில் போட்டான். எல்லோரும் ஹைவேயில் சுற்றி, ஷிப்டுக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினார்கள். பாலத்தில் ஒரு சொட்டு இல்லை. அந்த மழைக்காலத்தில் இதைச் சில தடவை செய்தேன். பிறகு சிம்மை உடைத்துப் போட்டேன்.

“யாருய்யா அந்த ஸ்டீவன்? இட்டாந்து காட்டு” என்று கேட்டார்கள். காட்ட ஆளில்லை. கம்பெனி பஸ்களில் யார் எந்தப் பொய் சொன்னாலும் ‘குணாளன் வெள்ளம்’ என்று சொல்லும் வழக்கம் வந்தது. நான் கோபப்படவில்லை, கேலியும் செய்யவில்லை. ‘குணாளன் நல்லவர், யாரோ ஏமாற்றியிருப்பார்கள்’ என்று குரூப்பில் எழுதினேன். அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

பானு அவனுடைய ஒரே பெண். தாய் இல்லாத பெண். ஐடிஐ முடித்துவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் சர்டிபிகேட்டை நான்தான் காசு வாங்காமல் லேமினேஷன் செய்து கொடுத்தேன். நோன்பு மாதத்தில் பரீதா கஞ்சியை ஒரு தூக்கில் அவளுக்கென்று எடுத்து வைப்பாள். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அந்தப் பெண்மேல் எனக்கு உயிர். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கமாட்டேன், ஆனால் எழுதிக்கொள்ளுங்கள்.

கம்பெனியில் அவளை ‘வெள்ளம் பொண்ணு’ என்று கூப்பிட்டார்களாம். ஒருநாள் கடையில் வந்து அழுதாள். “அப்பாவ குரூப்ல இருந்து தூக்கிடு மாமா. எனக்கு மானம் போவுது” என்றாள். நான் தூக்கவில்லை. பெருந்தன்மை என்று அவள் நினைத்தாள். அவன் எழுதுவதும் மற்றவர்கள் சிரிப்பதும் தினமும் என் கண்ணில் பட வேண்டும், அதனால்தான் தூக்கவில்லை.

இந்த மழைக்காலத்தில் அந்தக் காலை. என் மச்சினன் சர்ஃபராஸ் ஊத்துக்கோட்டையில் இருந்து போன் செய்தான். “மச்சான், மேல தொறந்துட்டாங்கோ. இங்க செமயா போவுது. உங்க பாலத்துக்கு வந்துனே இருக்கும், சொல்லிடு” என்றான். சொல்வதற்காகத்தான் குரூப்பைத் திறந்தேன். அங்கே குணாளன் முந்திக்கொண்டு ஒரு வீடியோ போட்டிருந்தான். கொட்டுகிற மழையில் எடுத்த வீடியோ. “யாரும் எறங்காதீங்கோ, தண்ணி நெறம் மாறிகினுகீது, சத்தியமா பெருசா வருது” என்று கத்தினான். தேதித் தாள் இல்லை. மழையில் நனைந்து கிழிந்துவிட்டதாம்.

நான் அதை நீக்கினேன். ‘தேதித் தாள் இல்லாத படம், விதிப்படி நீக்கப்படுகிறது’ என்று எழுதினேன். விதி அவனுடையதுதான்.

கொஞ்ச நேரத்தில் பானு எனக்குத் தனியாகப் பேசி அனுப்பினாள். அக்கரையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பேசியிருக்கிறாள்.

“மாமா, அப்பா அந்தாண்ட நின்னுகினு ரெண்டு கையும் ஆட்டறாரு. வராதன்றாரு. பாலத்துமேல தண்ணி கணுக்கால் கூட இல்ல. இன்னிக்கும் லேட்டா போனா சூப்பர்வைசர் வேலய வுட்டு தூக்கிடுவாரு. நீ சொல்லு மாமா, போலாமா?”

நான் கட்டைவிரலை உயர்த்தும் படத்தை அனுப்பினேன்.

தண்ணீர் வர இன்னும் நேரம் இருக்கிறது, அவள் தாண்டிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவள் பத்திரமாகத் தாண்டிவிட்டால் குணாளன் இன்னொரு தடவை பொய்யன் ஆவான். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால், அப்பா சொன்னது உண்மை என்று அவளே ஊரெல்லாம் சொல்வாள். இரண்டையும் யோசித்துத்தான் அனுப்பினேன், கை தவறி அல்ல. வெள்ளம் வருமா என்று அவள் கேட்டிருந்தால் வரும் என்று சொல்லியிருப்பேன். போகலாமா என்றுதான் கேட்டாள்.

பாதிப் பாலத்தில் இருந்தபோது வந்தது. குணாளன் பார்த்துக்கொண்டு நின்றான். அவளை மறுநாள் பொன்னேரிப் பக்கம் முள்ளுக்குள் எடுத்தார்கள்.

அன்று முதல் அவன் பொழுதெல்லாம் என் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறான். வேறு யாரோடும் பேசுவதில்லை. “நான் வேற தாள தேடி எடுத்து புடிச்சினு இருந்தா நம்பியிருப்பா பாய். விதிய போட்டவனே நான், நானே மறந்துட்டேனே” என்கிறான். இப்போது ஒரு பிளாஸ்டிக் கவரில் அந்த மாதத் தாள்களை மொத்தமாகப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு அலைகிறான். பரீதா அவனுக்குச் சோறு போட்டுவிட்டு உள்ளே போய் அழுவாள். எனக்கும் அழுகை வருகிறது, மேடம். இரவில் பானு “மாமா” என்று கூப்பிடுவது காதில் விழுந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

ஸ்கூட்டியோடு அவள் போனும் கிடைத்தது. சேறு ஏறிச் செத்துக் கிடந்தது. போன வாரம் குணாளன் அதை என் மேஜைமேல் வைத்தான்.

“இதுக்கு எப்டியாவது உசுரு குடு பாய். அவ கொரல ஒரு வாட்டி கேக்கணும். உன்னால முடியும்” என்றான்.

என்னால் முடியும். பிரித்து, கழுவி, காயவைத்து, சார்ஜ் ஏறுகிற பாட்டம் போர்டை மாற்றினேன். நேற்று எழுந்துகொண்டது. உள்ளே அவள் குரல் நிறைய இருக்கிறது, கடைசியாகப் பேசியது எனக்குத்தான். அதன் கீழே என் கட்டைவிரல் இருக்கிறது. அழிக்க ஒரு நிமிஷம் ஆகாது. அழிக்காமல் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்திருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். போனைக் குணாளனிடம் கொடுக்கும்போது, அந்தக் கட்டைவிரலை மட்டும் நீங்கள் அழித்துவிட்டுக் கொடுங்கள். இது எனக்காக இல்லை, மேடம். நம்புவதற்கு அவனுக்கு இந்த ஊரில் நான் ஒருவன்தான் மிச்சம், அதையும் அவனிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள்.