மூன்றாவது பலகை

பெயின்ட் அடித்த இடத்தில் விரல் வைத்துப் பார்க்காமல் யாரும் தாண்டிப் போவதில்லை, ஐயா. என் கொழுந்தன் மட்டும் திருப்புளியால் குத்திப் பார்ப்பார்.

அந்த மரப்படகு என் வீட்டுக்காரர் விட்டுப்போனது. கொட்டகையில் கவிழ்ந்தே கிடந்தது. அவர் போன பிறகு நானே சுரண்டினேன், தேய்த்தேன், இடுக்குகளில் பஞ்சுத் திரி திணித்தேன். மூன்று வருடம். அதை விட்டால் எனக்குப் பேச்சுத்துணைகூட இல்லை. கொழுந்தனுக்குத் தொழிலே படகுத் தச்சு. வாராவாரம் வந்து, சுத்தியல் காம்பால் தட்டிக் காது கொடுப்பார்.

"மத்ததுல பழுதில்ல அண்ணி. அடியில மூணாவது பலகை செத்துப்போச்சு. பட்டி வெச்சுப் பூசினா உயிர் வந்துடுமா?"

"வந்தா என்ன தருவீங்க தம்பி?"

"மாலை போடறேன். படகுக்கு இல்ல, உங்களுக்கு."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்லதாக ஒரு வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை.

போன வாரம், "பலகைய மாத்திட்டேன். ஓட்டிப் பாத்து நீங்களே சொல்லுங்க" என்றேன். மாற்றவில்லை. இன்னொரு கை பட்டி பூசினேன், அவ்வளவுதான். இந்த வாரம் அவர் வருவதற்குள் படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டேன்; தட்டிப் பார்க்க வழியில்லை. அவர் மட்டும் ஏறினார், நான் கரையில் நின்றேன்.

காய்ந்து கிடந்த படகு முதல் நாள் கசியும். மரம் தண்ணீர் குடித்து ஊதினால் இடுக்கு தானாக அடைபடும். அவர் சொல்லித்தந்ததுதான். அதனால் கணுக்கால் நனைந்தபோதும் நிதானமாகத் துடுப்புப் போட்டார். "குடிக்கட்டும் அண்ணி, எத்தனை வருஷத் தாகம்" என்றார். ஊருக்கெல்லாம் படகு கட்டியவருக்கு நீச்சல் தெரியாது. அது எனக்குத் தெரியும். தண்ணீர் இறைக்கும் டப்பாவைக் கழுவுவதற்காகக் காலையிலேயே எடுத்து வைத்திருந்தேன்.

பலகை விட்டது.

"அண்ணி, கயிறு."

கயிறு என் கையில்தான் இருந்தது.

"படகு எப்படி இருக்கு தம்பி?"

"கயித்தப் போடுங்க அண்ணி."

"மொதல்ல சொல்லுங்க."

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. போடுங்க."

மூன்று வருடம் நான் ஏங்கிய வார்த்தை. ஆனால் முகத்தைப் பார்த்தேன், கயிற்றுக்காகச் சொல்கிறார். மனசாரச் சொல்லியிருந்தால் போட்டிருப்பேன்.

தண்ணீர் அடங்கியதும் கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

படகை மேலே எடுக்கும்போது உங்கள் போலீஸ்காரர்களிடம் பார்த்துத் தூக்கச் சொல்லுங்கள், ஐயா. ஒரு பலகைதான் மோசம். மற்றதில் பழுதில்லை என்று அவரே வாராவாரம் சொல்லியிருக்கிறார்.